மிக்ஸி வாங்கப் போறீங்களா? பில்லை மறந்துடாதீங்க!

காலை ஏழு மணி. இட்லிப் பானையில் ஆவி வருகிறது. சட்னிக்குத் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய் எல்லாம் ஜாரில் போட்டாச்சு. சுவிட்சைத் திருப்பினால் 'உர்ர்' என்று ஒரு சத்தம். கூடவே ஒரு கருகல் வாடை. மிக்ஸி நின்றுவிட்டது.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டில் நடந்தது இது. அம்மா அந்த மிக்ஸியை வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் போட்டிருந்த ஒரு பொருட்காட்சியில், கடை விலையைவிட ஆயிரம் ரூபாய் குறைவு என்று வாங்கி வந்தார். பில் கேட்டபோது, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்மா. வாரண்டி கார்டு பெட்டிக்குள்ளயே இருக்கு" என்றார்களாம். கார்டு இருந்தது உண்மைதான். அதில் கடை முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. பொருட்காட்சி முடிந்து கடையும் கிளம்பிவிட்டது.

தெருமுனையில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் அண்ணன் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காயில் போயிடுச்சுக்கா. கட்டித் தர்றேன். ஆனா இந்த மாடலுக்குக் கப்ளரும் கிடைக்காது, ஜாரும் கிடைக்காது. இதுல காசு போடணுமான்னு யோசிச்சுக்கோங்க." அம்மா யோசித்தார். பழைய இரும்புக் கடைக்குத்தான் போனது அந்த மிக்ஸி.

நம் ஊரில் மிக்ஸி இல்லாத சமையலறை குறைவு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தில் கிடைத்த மிக்ஸிகள்கூட இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பலருக்கு இப்போது புதியது வாங்க வேண்டிய நேரம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர் என்று விளம்பரங்களும் வரிசையாக வரும். எது விலை குறைவு என்று பார்ப்பது சரிதான். கூடவே எது செலவு குறைவு என்றும் பார்க்கணும். அதற்கு என்னென்ன கவனிக்க வேண்டும், ஏமாந்தால் எங்கே போய்க் கேட்கலாம் என்று பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்கள் வீட்டில் என்ன அரைப்பீர்கள்?

கடைக்குப் போவதற்கு முன்பு வீட்டிலேயே இதற்குப் பதில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கடைக்காரர் காட்டுவதுதான் நம் தேவை என்று ஆகிவிடும்.

இரண்டு மூன்று பேர் இருக்கும் வீடு, தினமும் சட்னி, குழம்புக்குத் தேங்காய் அல்லது மசாலா, எப்போதாவது ஜூஸ் என்றால் 500 வாட்ஸ் மிக்ஸியே போதும். மாவு அரைக்க வீட்டில் தனியாகக் கிரைண்டர் இருந்தாலும் இதே கணக்குதான்.

கிரைண்டர் இல்லை, இட்லி மாவும் மிக்ஸியில்தான். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார் பொடியும் வீட்டில்தான் என்றால் 750 வாட்ஸ் நல்லது. உளுந்து, அரிசி போன்ற கெட்டியான மாவும், காய்ந்த மசாலாவும் மோட்டாருக்கு அதிக சுமை கொடுப்பவை. சின்ன மோட்டார் அதைத் தினமும் இழுத்தால் சீக்கிரம் சூடாகும்.

பெரிய குடும்பம், ஒரே நேரத்தில் நிறைய அரைக்க வேண்டும் என்பவர்கள் 1000 வாட்ஸ் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அது தேவையில்லாத செலவு.

வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுபவர்கள், மெஸ் நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். வீட்டு உபயோக மிக்ஸியைக் கடைக்குப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்று பெரும்பாலான கம்பெனிகளின் கார்டில் எழுதியிருக்கும். அதற்கென்று உள்ள கமர்ஷியல் மிக்ஸியோ, டில்டிங் கிரைண்டரோ வாங்குவதுதான் கடைசியில் லாபம்.

வாட்ஸ் கூடினால் கரண்ட் பில் எகிறுமா?

நிறைய பேருக்கு இந்தப் பயம் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 750 வாட்ஸ் மிக்ஸி ஒரு நாளைக்கு மொத்தம் 20 நிமிடம் முழு சுமையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆகும் மின்சாரம் கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளைக்கு 15 யூனிட். இதே நேரம் 500 வாட்ஸ் மிக்ஸி ஓடினால் 10 யூனிட். வித்தியாசம் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட்தான். அதுவும் பெரிய மோட்டார் கொஞ்சம் சீக்கிரம் அரைத்துவிட்டால் இன்னும் குறையும்.

அதனால் மிக்ஸி விஷயத்தில் கரண்ட் பில்லை நினைத்து முடிவு எடுக்க வேண்டியதில்லை. வாட்ஸ் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதைச் சொல்கிறது. சட்னி எவ்வளவு நைசாக வரும் என்பது ஜாரையும் பிளேடையும் பொறுத்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸை மட்டும் பார்க்காமல், மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டையும் பாருங்கள். உண்மையான விவரம் அங்கேதான் இருக்கும்.

அடித்தகட்டைப் படிப்பது எப்படி?

கடையில் மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க யாரும் கூச்சப்பட வேண்டாம். அங்கே மாடல் எண், சீரியல் எண், வோல்டேஜ், வாட்ஸ் இருக்கும். கூடவே 'ரேட்டிங்' என்று நிமிடக் கணக்கு ஒன்று இருக்கும். உதாரணமாக 30 நிமிடம் என்று போட்டு, 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு என்று பிரித்திருப்பார்கள். மிக்ஸியைத் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம், எப்போது நிறுத்தணும் என்பதற்கான கணக்கு இது. மாடலுக்கு மாடல் மாறும். மாவு அரைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய வரி.

அடுத்தது ஐஎஸ்ஐ முத்திரை. வீட்டு உபயோக மிக்ஸிக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள தர எண் ஐஎஸ் 4250. முத்திரைக்கு மேலே இந்த எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெறும் முத்திரை மட்டும் அச்சடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். போலி முத்திரை என்றால் அதே செயலியில் புகாரும் தரலாம். செயலி இலவசம், இரண்டு நிமிட வேலை.

மோட்டாருக்குள் செப்புக் கம்பியா, அலுமினியமா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே தடிமனில் செப்பைவிட அலுமினியம் அதிகம் சூடாகும். 'காப்பர் மோட்டார்' என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. பெட்டியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜார்தான் அரைக்கிறது

ஜாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரொம்ப லேசாக, அமுக்கினால் நெளிகிற தகடாக இருந்தால் வேண்டாம். உள்பக்கச் சுவரில் மேடு மேடாக வரிகள் இருக்கிறதா? அந்த வரிகள்தான் சுற்றும் விழுதை மறுபடி பிளேடு பக்கம் தள்ளிவிடும். கைப்பிடி ஆடக்கூடாது. மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். அதிலுள்ள வாஷர் கழற்றிக் கழுவும்படி இருக்கணும்.

சட்னி ஜாரைத் தனியாகக் கவனியுங்கள். தினமும் அதிகம் உழைப்பது அதுதான். சின்ன ஜாரில் பிளேடு அடியை ஒட்டி இருந்தால்தான் ஒரு கைப்பிடி தேங்காயும் நன்றாக அரையும். பிளேடு உயரமாக இருந்தால் கொஞ்சமாகப் போட்டது சுவரில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

நான்கு ஜார், ஐந்து ஜார் என்று சொன்னதும் மயங்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் தினமும் வெளியே வருவது இரண்டு ஜார்தான். மிச்சம் பரணில் இருக்கும். நல்ல மூன்று ஜார் உள்ள மிக்ஸி, சுமாரான ஐந்து ஜார் மிக்ஸியைவிட மேல்.

கப்ளர் கிடைக்குமா?

எங்கள் அம்மா கேட்காமல் விட்ட கேள்வி இது. மிக்ஸியில் தேய்ந்துபோகும் பாகங்கள் சில உண்டு. மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர், ஜாருக்கு அடியில் இருக்கும் புஷ், மூடி வாஷர், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ், பிளேடு ஆகியவைதான் அவை. எவ்வளவு நல்ல மிக்ஸியிலும் இவை ஒருநாள் தேயும். அது குறை கிடையாது. செருப்பு தேய்வது மாதிரிதான்.

அந்தப் பாகம் உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதுதான் விஷயம். கிடைத்தால் சின்னச் செலவில் வேலை முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் ஒரு சின்ன கப்ளருக்காக மொத்த மிக்ஸியும் வீண். ஒரு மிக்ஸி 1,800 ரூபாய்க்கு வாங்கி இரண்டு வருடத்தில் தூக்கிப் போட்டால் வருடத்துக்கு 900 ரூபாய். இன்னொன்று 3,200 ரூபாய்க்கு வாங்கி, இடையில் 800 ரூபாய் ரிப்பேர் செலவு செய்து எட்டு வருடம் ஓடினால் வருடத்துக்கு 500 ரூபாய். விலை அதிகமானதுதான் இங்கே சிக்கனம்.

அதற்காக விலை அதிகமான எல்லாமே நல்லது என்றும் இல்லை. உள்ளூரில் சர்வீஸ் உள்ள, பாகங்கள் எளிதாகக் கிடைக்கிற நடுத்தர விலை மிக்ஸி போதும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. வாங்குவதற்கு முன்பு உங்கள் தெருவில் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவரிடம், "அண்ணே, எந்த மிக்ஸிக்கு ஸ்பேர் ஈஸியா கிடைக்குது?" என்று கேளுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாத விவரம் அவரிடம் இருக்கும்.

பில் இருந்தால்தான் பேச்சு

"பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்" என்பது பழைய பல்லவி. பெட்டியில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்ஆர்பி, எல்லா வரிகளும் சேர்ந்தது. அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. எம்ஆர்பியைவிட அதிகமாக விற்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவு அதிகாரிகளிடம் புகார் தரலாம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவையும் பெட்டியில் இருக்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தெளிவாகச் சொல்வது இதுதான்: விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படியே. பில்லில் போட்டிருக்கும் கால வரம்புக்குள், அப்படி எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்பக் கொடுக்கலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றுவது கடைக்காரர் விருப்பம். பொருளில் குறை இருந்தால் அது உங்கள் உரிமை.

பில்லில் கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், தேதியோடு மிக்ஸியின் மாடல் எண், சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் கடையிலேயே வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பட்டால் சில பில்களில் எழுத்தே அழிந்துவிடும்.

வாரண்டி கார்டைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கணும். '5 வருட வாரண்டி' என்பது பல நேரம் மோட்டாருக்கு மட்டும். மற்ற பாகங்களுக்கு ஒன்றோ இரண்டோ வருடம் இருக்கும். ஜார், பிளேடு, கப்ளர், வாஷர் போன்றவற்றுக்கு இல்லாமலும் போகலாம்.

ஆன்லைனில் வாங்குவது என்றால் பொருள் எந்த நாட்டில் தயாரானது, விற்பவர் யார், திரும்பக் கொடுக்க எத்தனை நாள் என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைப்பது நல்லது. இணைய விற்பனைத் தளம் ஒவ்வொன்றிலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டதா?

பதறாமல் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஜாரை எடுத்துவிட்டு மிக்ஸியின் அடியில் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் சிவப்பாக ஒரு சின்ன பட்டன் இருக்கும். சுமை அதிகமாகி மோட்டார் சூடானால், அது கருகாமல் இருக்க மின்சாரத்தை நிறுத்துவது அந்தப் பாதுகாப்பு அமைப்புதான். சில நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் இருப்பதைக் கொஞ்சம் குறைத்து, பட்டனை அழுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். நிறைய மிக்ஸி அதிலேயே ஓடிவிடும். இது தெரியாமல் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். அடிக்கடி இப்படி நின்றால் மட்டும் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

மிக்ஸி நீண்ட நாள் உழைக்க வேறு சில பழக்கங்களும் உண்டு. ஜாரை வாய் வரை நிரப்ப வேண்டாம். உளுந்து நன்றாக ஊறிய பிறகு, குளிர்ந்த தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு அரையுங்கள். சத்தம் குறையட்டும் என்று மிக்ஸிக்கு அடியில் துணியை மடித்துப் போடுபவர்கள் உண்டு. அடியில்தான் காற்றுப் போகும் துளைகள் இருக்கின்றன. துணி அதை அடைத்தால் மோட்டார் சூடாகும். மேடையைத் துடைத்துவிட்டு நேராக வைப்பதே நல்லது.

பாதுகாப்பிலும் அசட்டை வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வதக்கிய தக்காளியையோ ரசத்துக்கான விழுதையோ மூடிய ஜாரில் அரைக்கக் கூடாது. சூட்டில் உள்ளே ஆவி அழுத்தம் கூடி மூடி தெறித்து முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு அரையுங்கள். பிளேடில் சிக்கியதை எடுக்கும் முன்பு சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்குங்கள். மூன்று பின் பிளக் உள்ள மிக்ஸியில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பிளக் பாயிண்டில் செருகுவது ஆபத்து. மின்கசிவு வந்தால் நம்மைக் காப்பாற்றுவது அந்த எர்த் பின்தான்.

புகார் எங்கே தருவது?

முதலில் கடை அல்லது கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண். பேசிய பிறகு புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன தேதிக்கு ஆள் வராவிட்டால் எழுத்தில், குறைந்தபட்சம் மின்னஞ்சலிலாவது ஒரு முறை கேளுங்கள். பிறகு உதவுவது அந்த எழுத்துதான்.

அங்கே சரிப்படவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் புகார் பதியலாம். அவர்கள் உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். இது பேசித் தீர்க்கும் இடம். உத்தரவு போடும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருள் வாங்கிய ஊர் எதுவாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு தர வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள், பொருளைச் சோதனைக் கூடத்தில் ஆய்வு செய்ய வேண்டியிருந்தால் 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு.

ஒரு மிக்ஸிக்காக இவ்வளவு தூரமா என்று தோன்றலாம். மாதச் சம்பளத்தில் சேர்த்து வைத்து வாங்குகிற வீட்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை.

கடைக்குக் கிளம்பும் முன்பு ஒரு முறை

1. தினமும் என்ன அரைப்போம், எத்தனை பேருக்கு? அதற்கேற்ற வாட்ஸ் எது?
2. அடித்தகட்டில் வாட்ஸ், நிமிட ரேட்டிங், ஐஎஸ் 4250, உரிம எண் இருக்கிறதா?
3. சட்னி ஜார், மூடி, கைப்பிடி எப்படி?
4. கப்ளர், ஜார், சர்வீஸ் நம் ஊரில் கிடைக்குமா?
5. மோட்டாருக்கு எத்தனை வருடம், மற்ற பாகங்களுக்கு எத்தனை வருடம் வாரண்டி?
6. கடையிலேயே பிளக்கில் போட்டு ஓட்டிக் காட்டினார்களா?
7. மாடல், சீரியல் எண்ணோடு பில்லும், முத்திரையோடு வாரண்டி கார்டும் கையில் வந்ததா?

எங்கள் வீட்டில் அடுத்து வாங்கிய மிக்ஸி 500 வாட்ஸ், மூன்று ஜார். ரிப்பேர் அண்ணன் சொன்ன மாடல்தான். இடையில் ஒரு முறை கப்ளர் மாற்றினோம். அவரே அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். பில் எங்கே என்று கேட்டால் அம்மா யோசிக்கவே மாட்டார். பீரோவில், ரேஷன் கார்டு இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கிறது.